மொட்டைக்கு மைக் ரிப்பேர்

செப். 8, திங்கள்

வெயில். செப்டம்பரில் இவ்வளவு வெயிலுக்கு யார் அனுமதி கொடுத்தார்களோ. காலையில் துவைத்துப் போட்டது பத்து மணிக்கே அப்பளம். கொடியில் என் கிளிப் இரண்டைக் காணோம். மூன்றாம் மாடிப் பெண்கள் மேல் சந்தேகம். ஆதாரம் இல்லை.

டிபார்ட்மென்ட் போர்டில் அட்டென்டன்ஸ் லிஸ்ட். குறைந்தவர்கள் பெயர் மட்டும். என் பெயர் உண்டு. வீட்டிலிருந்து யாராவது வந்து எச்.ஓ.டி.யைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டுமாம். இல்லாவிட்டால் செமஸ்டர் எழுத முடியாது. அப்பா சம்பா நாற்றங்கால் வேலையில் இருக்கிறார். அம்மாவிடம் சொல்லவில்லை. லால்குடி இங்கிருந்து இரண்டு பஸ்தான், ஆனாலும் சொல்லவில்லை.

பழைய டைரி மாடியில் மழையில் ஊறிப் போனது. இது புதுசு. அதனால் ஒரு தடவை யார் யார் என்று எழுதி வைக்கிறேன்.

நான்: துவாக்குடி, லேடீஸ் ஹாஸ்டல், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ரூம்மேட் சத்யா. நல்லவள். எப்போதும் போனில், எதிர்முனையில் ஒரு பையன். நான் ரூமுக்குள் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் மாடிக்குப் போய்விடுவேன். இதில் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை.

மாடியில் வாட்டர் டேங்க் நிழல். சிக்னல் ஒழுங்காக வரும் ஒரே இடம். அங்கே உட்கார்ந்துதான் கேம். நாலு பேர் ஒரு டீம், தீவில் இறங்கி மற்ற டீம்களைச் சுடவேண்டும், கடைசிவரை நிற்கிற டீம் ஜெயித்தது. கேமில் என் பெயர் மொட்டைமாடி. பையன்கள் மொட்டை என்று சுருக்கிவிட்டார்கள்.

பையன்கள் இரண்டு பேர். டீசல்: காட்டூர்க்காரன், ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக். கண்டக்டர், வாத்தியார், ஆடு, யார் குரலும் அவன் வாயில் வரும். இன்னொருவன் புளியோதரை, சுருக்கமாகப் புளி: ஸ்ரீரங்கம், பி.காம். நாலாவது ஆள் தினம் யாராவது, பெயர் தெரியாது.

இவர்களுக்கு நான் பெண் என்று தெரியாது. ஆரம்பத்தில் ஒருநாள், வேறு டீமில், மைக்கில் "பின்னாடி ஆள்" என்று இரண்டே வார்த்தை சொன்னேன். "டேய், பொண்ணுடா!" அப்புறம் யாரும் சுடவே இல்லை. நம்பர் கேட்டார்கள், பாடச் சொன்னார்கள். அதோடு மைக் ஆஃப். புளி, டீசலிடம் "மைக் ரிப்பேர்" என்று டைப் செய்தேன், நம்பிவிட்டார்கள். ஒவ்வொரு மேட்சிலும் நாலாவது ஆளிடம் புளியே சொல்லிவிடுவான்: "மொட்டைக்கு மைக் ரிப்பேர். நல்லா ஆடுவான். திட்டாதீங்க."

நான் பேசுவது கேமில் இருக்கிற பட்டன்களால்தான். இங்கே வா. பார்த்து. நன்றி. மன்னிக்கவும். வாழ்த்துகள் (பட்டாசோடு). ஒரு மனிதனுக்கு இது போதுமாகத்தான் இருக்கிறது.

இன்று வாய் திறந்து பேசியது:
ப்ரெசன்ட் சார்.
அக்கா, சாம்பார் கொஞ்சம்.
ம். (அம்மாவிடம், "சாப்டியா"வுக்கு)

சாயங்காலம் வாட்ச்மேன் ஏதோ கேட்க, பதில் சொல்லப் போனால் குரல் வரவில்லை. இரண்டு தடவை கனைக்க வேண்டியிருந்தது.

செப். 10, புதன்

மேகம் வந்தது, பார்த்தது, போனது. மெஸ்ஸில் கொண்டைக்கடலை, வேகாதது.

புளி வீட்டில் தினம் ஆறரைக்கு ஒரு குரல். அவன் மைக் எப்போதும் ஆன், அதனால் அந்த வீடு முழுக்க எங்களுக்குக் கேட்கும். குக்கர், மாடிப்படியில் செருப்பு, மாலையில் தூரத்தில் கோயில் மேளம். ஆறரை ஆனால் கீழேயிருந்து அவன் அப்பா:

"டேய் முகுந்தா! சந்தி பண்ணினியாடா?"

"இதோ போறேன்ப்பா!"

சந்தி என்றால் சந்தியாவந்தனம். பூணூல் போட்டவர்கள் சாயங்காலம் செய்யவேண்டியதாம். முதலில் நான் யாரோடாவது சண்டை சமாதானமோ என்று நினைத்தேன். டீசல்தான் விசாரித்துச் சொன்னான்.

புளி உடனே அவன் ஆளைப் புதருக்குள் படுக்க வைத்துவிட்டு ஓடுவான். கால் மணியில் திரும்புவான். அதுவரை டீசலும் நானும் காவல். நான் வலது பக்கம், டீசல் இடது. சில நாள் அந்தக் கால் மணியில் மேட்சே போய்விடும். புளியை விட்டுவிட்டு ஓடினால் தப்பிக்கலாம். ஓடியதில்லை. ஏன் என்று யாரும் பேசியதும் இல்லை.

டீசல் அந்தக் குரலை அப்படியே பிடித்துவிட்டான். "முகுந்தா"வில் அழுத்தம், கடைசி "டா"வில் ஒரு இழுப்பு. இன்று நிஜக் குரலுக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே கத்த, புளி நிஜமாகவே ஓடிவிட்டான். படியில் அப்பாவையே முட்டிக்கொண்டானாம். டீசல் சிரித்த சிரிப்பில் அவன் ஆள் செத்தான்.

நானும் சிரித்தேன். மாடியில் தனியாக, சத்தமாக. காக்கா ஒன்று எழுந்து போனது.

யோசித்தால், நாள் முழுக்க இந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் காத்திருக்கிறேன். இவர்கள் இரண்டு பேருக்கு நான் ஒரு ஆள். பெண் என்று தெரிந்தால் அந்த ஆள் போய்விடுவான். அவன் போனால் எனக்கும் வேறு யாரும் இல்லை. இதைச் சோகமாக எழுதவில்லை, நிலவரம்.

செப். 13, சனி

நேற்றும் இன்றும் புளி இல்லை. மெசேஜ் இல்லை. டீசல்: "எங்கடா போனான், அப்பா போனைப் பிடுங்கிட்டாரா?" இருக்கலாம்.

இரண்டு பேர் ஆடினால் சுகப்படவில்லை. சீக்கிரம் முடித்தோம். தலைக்கு எண்ணெய் வைத்தேன். சத்யா சினிமாவுக்குக் கூப்பிட்டாள், அவள் தோழிகளோடு. போகவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.

செப். 14, ஞாயிறு

புளி வந்துவிட்டான். மத்தியானமே. அதுவும் முழு நேரமும்.

வீட்டில் ஒரே கூட்டம். பாத்திரச் சத்தம், பெரிய பெரிய பாத்திரம். அண்ணன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறானாம். தெரியாத ஆண் குரல்கள், யாரோ மந்திரம் மாதிரி ஏதோ சொல்ல இன்னொருவர் திருத்துகிறார். டீசல் விடுவானா.

"என்ன மாப்ள, வீட்ல விசேஷமா? அண்ணனுக்குக் கல்யாணமா? எங்களுக்கெல்லாம் சாப்பாடு இல்லையா?"

புளி, "இடது பக்கம் ஆள் வரான், பாரு" என்றான்.

நான் வாழ்த்துகள் பட்டனை அழுத்தினேன். திரை முழுக்கப் பட்டாசு.

கொஞ்சம் கழித்து, "தேங்க்ஸ்டா மொட்டை" என்றான்.

ஆறரை ஆயிற்று. நிஜக் குரல் வரவில்லை. கல்யாண வேலையில் அப்பா மறந்திருப்பார். டீசல் அந்த வேலையை எடுத்துக்கொண்டான்: "டேய் முகுந்தா! சந்தி பண்ணினியாடா?"

"இதோ போறேன்ப்பா" என்றான் புளி. ஆனால் போகவில்லை. தொடர்ந்து ஆடினான். மூன்று மேட்ச் ஜெயித்தோம்.

செப். 16, செவ்வாய்

கிளாஸ் போகவில்லை. நேற்றும். புளி காலையிலேயே இருக்கிறான், அப்போது நான் எப்படிப் போவது. லேபுக்குத் தலைவலி என்று சொல்லியனுப்பினேன். சொல்லச் சொல்லத் தலை நிஜமாகவே வலித்தது.

ரேங்க் ஏறிக்கொண்டே போகிறது. டீசல் இன்ஸ்டிட்யூட் பாத்ரூமில் உட்கார்ந்து ஆடுகிறான். இப்படி ஒரு வாரம் எங்களுக்கு வாய்த்ததே இல்லை. புளி இவ்வளவு நன்றாக ஆடியும் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் குறைவு. முன்னெல்லாம் பிரசாதத்திலிருந்து பஸ் வரை வாய் ஓயாமல் பேசுவான். இப்போது "வலது", "இடது", "சுடு". முடித்துக்கொள்ளும்போதும் "போயிட்டு வரேன்டா" கிடையாது. பாதிப் பேச்சில் ஆளைக் காணோம்.

ஆறரைக்கு டீசல் தவறாமல் கத்துகிறான். புளி தவறாமல் "இதோ போறேன்ப்பா". தவறாமல் போவதில்லை.

இன்று நாள் முழுக்க நான் பேசியது: ஒன்றுமில்லை. அம்மா போனை எடுக்கவில்லை. "கிளாஸ்மா, அப்புறம் பேசறேன்" என்று மெசேஜ்.

மெஸ்ஸில் புளிக்குழம்பு. பரவாயில்லை.

செப். 17, புதன்

காற்று. டேங்க் மூடி தடதடவென்று ஆடுகிறது.

பதினொரு மணி. நானும் புளியும் மட்டும், டீசல் பிராக்டிகலில். மேட்ச் நடுவில் அவன் பக்கம் கீழே யாரோ வந்த சத்தம். உடனே பெண்கள் அழுகை. ஒரு குரல் தொடங்க இரண்டு மூன்று சேர்ந்துகொண்டது. சண்டை அழுகை இல்லை அது. எங்கள் தெருவிலும் கேட்டிருக்கிறேன், யாருக்கும் தெரியும்.

புளி ஆள் வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தான். சுடவில்லை, ஓடவில்லை.

அப்புறம் போனுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் குரல்: "முகுந்தா, அத்தை வந்திருக்கா. கீழ அப்பாவுக்குக் கல் ஊனி தினம் காரியம் நடக்கறது, நீ மாடியில உக்காந்து சுட்டுண்டிருக்கே. அப்பா போய் ஒரு வாரம் ஆகலை. பாக்கறவா என்ன நினைப்பா?"

"வரேன் மன்னி."

மைக் கட். அவன் ஆளை யாரோ சுட்டார்கள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் டேங்க் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை புளி வரவில்லை. சனி வரவில்லை. ஞாயிறு நான் பட்டாசு வெடித்தேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. கல்யாணம் இல்லை. அந்த வீட்டில் நடந்தது கல்யாணம் இல்லை.

செப். 18, வியாழன்

டீசலுக்கு வாட்ஸப்பில் (அங்கேயும் என் பெயர் மொட்டைமாடி, படம் வாட்டர் டேங்க்) மெசேஜ் அனுப்பினேன். எல்லாவற்றையும் எழுதினேன். நீல டிக் விழுந்தது. பிறகு வாய்ஸ் மெசேஜ். டீசல் குரல் மாதிரியே இல்லை.

"மச்சான். அவங்கப்பா மாதிரி கத்தினேனேடா நானு. தினம் கத்தினேனேடா. அவன் காதுக்கு அது எப்டிடா இருந்திருக்கும்?"

தெரியாமல் செய்ததுதானே என்று எழுதினேன். அதை எனக்கும் சேர்த்துத்தான் எழுதினேன்.

அடுத்தது: "நேர்ல போயிருவோம். அட்ரஸ் இருக்கு, அவன் ஹெட்போன ரிப்பேர் பண்ணி கூரியர் போட்டது நான்தான். வண்டில வந்து உன்னை ஏத்திக்கறேன். எங்க இருக்க நீ?"

எங்கே இருக்கிறேன். லேடீஸ் ஹாஸ்டல் மாடியில். "இன்டர்னல் எக்ஸாம், வர முடியாது" என்று எழுதினேன்.

"சாவு வீட்டுக்கு வர முடியாத எக்ஸாமா? நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா?"

இதற்கு என்னிடம் உண்மையான பதில் ஒன்று இருந்தது. அனுப்பவில்லை.

செப். 19, வெள்ளி

சாயங்காலம் புளி வந்தான். நாங்களும் இருந்தோம். யாரும் எதையும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியுமா, தெரியவில்லை.

டீசல் சத்தமே இல்லை. ஆறரை. யாரும் ஒன்றும் கத்தவில்லை. அந்த ஒரு நிமிஷம் தனியாகத் தெரிந்தது, மின்விசிறி நின்றால் தெரிகிற மாதிரி. புளி ஆளை நகர்த்தவே இல்லை. அப்புறம் போய்விட்டான்.

பிறகு டீசலிடமிருந்து: "நேத்து ஸ்ரீரங்கம் போனேன். தெரு முனை வரைக்கும். வாசல்ல பந்தல் போட்டு வயசானவங்க உக்காந்திருந்தாங்க. யாருன்னு கேட்டா என்ன சொல்றது? திரும்பிட்டேன்." கூடவே அட்ரசும்.

என்னை ஆம்பளையா என்று கேட்டவன்.

செப். 20, சனி

போனேன்.

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் இருக்கும்.

எதை எடுத்துப் போவது என்று யோசித்தது: பழம் (கூடாது), பூ (கூடவே கூடாது), பிஸ்கட் (அபத்தம்). ஒன்றும் எடுத்துப் போகவில்லை. சாம்பல் கலர் சுடிதார். வார்டன் அக்கா ஹாலில் கொலுப்படி கட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்றார். துக்க வீடு என்றேன். "வந்ததும் கீழ் பாத்ரூம்லயே தலைக்குக் குளிச்சுட்டுத்தான் ஏறணும். இந்தப் பக்கமே வரப்படாது" என்றார். யார் இறந்தது என்று கேட்கவில்லை. நல்லதாயிற்று.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை ஒரு பஸ். அங்கிருந்து ஒண்ணாம் நம்பர். காவிரியில் கரை தொட்டுத் தண்ணீர், பாலத்தில் எல்லாரும் அந்தப் பக்கமே திரும்பினார்கள், நானும். பஸ்ஸில் வாய்க்குள் ஒத்திகை: நான் முகுந்தன் ஃப்ரெண்ட். நான் முகுந்தனோட ஃப்ரெண்ட். எப்படிச் சொன்னாலும் பொய் மாதிரி இருந்தது.

பந்தல் இருந்தது. நாற்காலியில் ஒரு பெரியவர், அவன் சித்தப்பா என்று பிறகு தெரிந்தது.

"யாரும்மா?"

"முகுந்தன் ஃப்ரெண்டுங்க."

"காலேஜா?"

"ஆமாங்க." (காலேஜ்தான். வேறு காலேஜ்.)

கூடத்தில் கூட்டம். அவன் அம்மா சுவரோரம், சுற்றிலும் பெண்கள். அருகே போய் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். யார் என்று கேட்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத வீட்டில், குரல் மட்டும் தெரிந்த ஒருவருக்காக. இந்த டைரியில் எதையும் பெரிதாக்க வேண்டாம் என்று இருக்கிறேன், ஆனால் அழுதேன்.

முகுந்தன் தூணோரம் தரையில். ஒல்லி. ஒரு வார தாடி. என்னைவிட சின்னவன் மாதிரி முகம். இத்தனை மாதமாக நான் மனதில் வைத்திருந்த புளி கொஞ்சம் குண்டு.

கூட்டம் கொஞ்சம் கலைந்தது. அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். யாரோ அண்ணன் பக்கத்து ஆள் என்று நினைத்திருப்பான், சும்மா தலையசைத்தான். சொல்ல வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"மைக் சரியாயிடுச்சு" என்றேன்.

முதலில் புரியவில்லை. பிறகு நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான், துப்பட்டாவைப் பார்த்தான், மறுபடி முகத்தை.

"மொட்டையா?"

தலையாட்டினேன். அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சிரிப்பா அழுகையா என்று கடைசிவரை தெரியவில்லை. "அடப்பாவி" என்றான். பிறகு, "ஸாரி. அடப்பாவின்னு சொல்லலாமா உங்களை?"

"சொல்லலாம். பட்டாசு வெடிச்சேனே அன்னிக்கு. தெரியாது. ஸாரி."

"தெரியும். உனக்குத் தெரியாதுன்னு தெரியும்."

மெதுவாகப் பேசினான், மற்றவர்களுக்குக் கேட்காமல். அப்பா வெள்ளிக்கிழமை காலையில் காபி குடித்துக்கொண்டே சாய்ந்துவிட்டாராம். வருகிறவர்கள் எல்லாரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், இவனுக்கு அழுகை வரவில்லை. வரவில்லை என்பதையும் எல்லாரும் பார்க்கிறார்கள். அதனால் மாடி.

டீசல் மிகவும் வருத்தப்படுகிறான் என்றேன். இனிமேல் அந்த மாதிரி கத்தமாட்டான், பயப்பட வேண்டாம் என்றேன்.



"அதுக்குத்தான் வந்தேன்" என்றான்.

"எதுக்கு?"

"தினம் ஆறரைக்கு. அதைக் கேக்கத்தான் வந்தேன். அப்பாவுக்கு போன்ல பேசறதே பிடிக்காது. ஒரு வீடியோ இல்லை, வாய்ஸ் மெசேஜ் இல்லை. எல்லா போட்டோலயும் வாயை மூடிண்டு நிக்கறார். இந்த வீட்டுல இத்தனை பேர் இருக்கா. அப்பா எப்படிக் கூப்பிடுவார்னு காட்டத் தெரிஞ்சவன் டீசல் ஒருத்தன்தான். நேத்து அவனும் நிறுத்திட்டான்."

பட்டன்கள் எல்லாம் ஞாபகம் வந்தது. எதுவும் பொருந்தவில்லை.

கிளம்பும்போது இன்னொரு கூத்து. எல்லாரையும் பார்த்து, வாசலில், நன்றாகக் காது கேட்க, "போயிட்டு வரேங்க" என்றேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, அதுவும் வரேன் என்று சொல்லவே கூடாது. லால்குடியிலும் அதே வழக்கம்தான். தெரியாமல் இல்லை. பேசிப் பழக்கமே விட்டுப்போன வாய், திறந்ததும் அதுவாக வந்துவிட்டது.

சித்தப்பா முகம் சுருங்கியது. "அப்படிச் சொல்லப்படாதும்மா."

உள்ளேயிருந்து முகுந்தன், "சரி, வா" என்றான்.

கீழ் பாத்ரூமில் தலைக்குக் குளித்தேன். தண்ணீர் ஜில்.

செப். 22, திங்கள்

நேற்று அம்மாவிடம் சொன்னேன். அட்டென்டன்ஸ், கையெழுத்து, கேம், எல்லாம். திட்டு இல்லை. "காலைல மொத பஸ்ல வரேன்" என்றாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

வந்தாள். எச்.ஓ.டி. முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். இனி ஒரு நாள் லீவு போட்டாலும் அவ்வளவுதான் என்றார் அவர். அம்மாவும் நானும் ஒரே மாதிரி தலையாட்டினோம்.

ஹைவே ஓரக் கடையில் டிபன். அம்மாவுக்குப் பொங்கல், எனக்கு ரவா தோசை.

"என்னடி தொண்டை இப்டி இருக்கு, சளியா?"

"பேசறதே இல்லம்மா. அதான்."

அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அப்புறம் அவள் தட்டிலிருந்த வடையை எனக்கு வைத்தாள். புளி கதை சொன்னேன். கேம் அவளுக்குப் புரியவில்லை. அப்பா போனது புரிந்தது. "அந்தப் புள்ள சாப்பிடுதா?" என்றாள். அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானம் கிளாஸ். கடைசி பெஞ்ச். கை தானாகப் போனைத் தேடியது, பாதி நேரம் மனசு தீவில்தான். பக்கத்துப் பெண் பேனா கேட்டாள், கொடுத்தேன். திருப்பித் தரவில்லை.

செப். 25, வியாழன்

தூறல். கொடியில் துணி, எடுக்க ஓடியதில் செருப்பு அறுந்தது.

நேற்றோடு பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததாம். முகுந்தன் மெசேஜ்: "அண்ணா, மன்னி கிளம்பிட்டா. பந்தல் பிரிச்சாச்சு. நானும் அம்மாவும் மட்டும். சித்தப்பா இன்னும் உன்னைத் திட்டிண்டிருக்கார்." தீட்டுக் கழிந்துவிட்டதால் இனி சந்தியெல்லாம் வழக்கம்போல என்றும் எழுதியிருந்தான். கழற்றிப் போட்ட செருப்பை எங்கே விட்டோம் என்று தேடுகிறவன் மாதிரி இருந்தது அந்த வரி. கேட்க ஆள் இல்லை என்று எழுதவில்லை.

டீசலிடம் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். "நீ கத்தினதத்தான் அவன் கேக்க வந்தானாம். இன்னிக்குக் கத்து." முடியவே முடியாது என்றான். "தெரியாம கத்தினது வேற. தெரிஞ்சு எப்டிடா செத்தவரு குரல எடுக்கறது? எனக்கு வாய் வராது." கெஞ்சினேன். வரவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மாடி. தூறல் நின்றிருந்தது, டேங்கிலிருந்து சொட்டுச் சொட்டாக. மூன்று பேரும் இருந்தோம், நாலாவது யாரோ ஒருவன். புளி, வழக்கம்போல: "மொட்டைக்கு மைக் ரிப்பேர். நல்லா ஆடுவான். திட்டாதீங்க." டீசலிடம் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஆடுவான்" என்றே சொன்னான்.

ஆறு இருபது. ஆறு இருபத்தைந்து. புளியின் வீட்டில் சத்தமே இல்லை. குக்கர்கூட இல்லை. தூரத்தில் மேளம் மட்டும்.

ஆறரை.

டீசல் மூச்சு விடுவது கேட்டது. கத்தவில்லை. புளி ஆள் அசையாமல் நின்றான்.

நினைத்தேன்: அவ்வளவுதான், இனிமேல் டீசலுக்கு நான் மொட்டை இல்லை, ஆள் போய்விடுவான். மைக் பட்டனை அழுத்தினேன். தொண்டையில் ஒன்றும் இல்லை. கனைத்தேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சத்யா திரும்பிப் பார்த்தாள்.

"டேய் முகுந்தா! சந்தி பண்ணினியாடா?"

டீசல் மாதிரி வரவில்லை. அவன் அப்பா மாதிரி சுத்தமாக இல்லை. பெண் குரல், பாதியில் கீச்சென்று உடைந்தது.

நாலாவது ஆள்: "டேய், பொண்ணுடா!"

டீசல்: "நீ வாயை மூடு. யாரு, யாரு அது? மொட்டையா? மொட்டை, நீயா?"

அப்புறம் புளி. மெதுவாக.

"இதோ போறேன்ப்பா."

அவன் ஆள் புதருக்குள் போய்ப் படுத்தான். மைக் வழியே செருப்பு, படி, கீழே குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

நான் வலது பக்கம் போய் நின்றேன். டீசல் கேள்வி கேட்டுக்கொண்டே இடது பக்கம் வந்து நின்றான்.